போரான் ஹைட்ரைடுகளும் அவற்றின் உப்புக்களும்

நம் நாட்டுத் தட்டாரின் பட்டறையில் வெங்காரம் என்னும் வெண்ணிறப் பொருளைக் காணாதார் அரியர். பொன்னையும் வெள்ளியையும் பற்றவைக்குங்கால் அவர்கள் அதனை நீரிற் குழைத்து, ஒட்டவேண்டிய இடத்தில் தடவி, ஊதுகுழலால் அனலை ஏற்றுவர். வெங்காரம் முதலிற் பொரிந்து, பின்னர் உருகிக் கண்ணாடிபோலாகி, உலோகத்தின்மேற் படிந்துள்ள மாசைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். அதன்பின் பற்று தடையின்றிப் பாயும். முற்காலத்தில் இப்பொருள் திபேத்து நாட்டு ஏரிக்கரைகளில் எடுக்கப்பெற்று, ஆடுகளின் முதுகில் ஏற்றப்பட்டு, இமயமலைக் கணவாய்களின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வெங்காரத்தில் அடங்கிய மூலகங்களுள் ஒன்று போரான். 1808ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் கே-லுஸாக், தெனார் என்னும் இருவரும், இலண்டனில் ஹம்ப்ரி டேவியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதனைப் பிரித்தெடுத்தனர்.

இப்போரான் ஹைட்ரஜனோடு கூடி உண்டாக்கும் பொருள்கள் போரான் ஹைட்ரைடுகள் எனப்படும். அவற்றுட் பல, காற்றுப்பட்ட மாத்திரத்தில் தீப்பற்றுவன, நீர் பட்டால் சிதைவன, நச்சுத்தன்மை உடையன. ஆயின் இதே போரானும் இதே ஹைட்ரஜனும் எதிர்மின்சாரம் ஏற்று, சோடியம் முதலிய உலோகங்களோடு உப்பாக அமைந்துவிடின், அவற்றின் குணம் பெரிதும் மாறிவிடுகிறது. அவ்வுப்புக்களுள் ஒன்று இன்று இரசாயன சோதனைச்சாலைகளின் அலமாரிகளிற் சாதாரணமாகப் புட்டியில் இருப்பது. மற்றொன்று கொதிக்கின்ற அமிலத்திலும் அழியாது நிற்பது. கொடிய பொருள் ஒரு மின்னூட்டத்தைப் பெற்றவுடன் அடங்குவானேன்? இவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடையைத் தேடிச் சென்றோர் கொடுத்த விலையும், அவர்கட்கு எதிர்பாராது கிட்டிய பேறும் நம் மாணாக்கர் அறியத்தக்கன.

போரானின் குறை

அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவது, பெரும்பாலும் இரண்டு அணுக்கள் இரண்டு எலெக்ட்ரான்களைப் பொதுவாக வைத்துக்கொள்வதனால் என்பதை நாம் கற்றிருக்கிறோம். கரியணுவின் புறக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் உள. அது நான்கு ஹைட்ரஜன் அணுக்களோடு கூடி மீதேன் ஆகுங்கால், அதனைச் சுற்றி எட்டு எலெக்ட்ரான்கள் நிறைகின்றன. நிறைவுற்ற அம்மூலக்கூறு தானே அமைதியாக இருக்கும். கரிக்கு முன்னிற்கும் போரானுக்கோ புறக்கூட்டில் மூன்று எலெக்ட்ரான்களே உள. அது மூன்று ஹைட்ரஜன் அணுக்களோடு சேர்ந்தால், ஆறு எலெக்ட்ரான்கள்தாம் கூடும், இரண்டு குறையும். ஆதலின் ஒரு போரானும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு தனித்து நிலைப்பதில்லை. அத்தகைய இரண்டு ஒன்றுகூடி டைபோரேன் என்னும் வாயுவாகின்றன. அதன்கண் இரண்டு போரான் அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் உள.

ஆனால் இங்கேதான் இரசாயன அறிஞர்க்குப் பெரியதோர் ஐயம் எழுந்தது. டைபோரேனின் பிணைப்புக்கு உதவும் எலெக்ட்ரான்களை எண்ணினால், போரான் ஒவ்வொன்றுக்கும் மூன்றாக ஆறும், ஹைட்ரஜனுக்கு ஆறும் ஆக மொத்தம் பன்னிரண்டே வருகின்றன. இதனோடு அணுக்களின் எண்ணிக்கையில் ஒத்த ஈதேனுக்கோ பதினான்கு உண்டு. எட்டு அணுக்களை வழக்கம்போலக் கட்டுவதற்கு ஏழு பிணைப்புக்கள் வேண்டும்; கையிலிருப்பதோ ஆறு இணைகள். இல்லாத எலெக்ட்ரான்களைக்கொண்டு இம்மூலக்கூறு எவ்வாறு நிற்கின்றது?

இதற்குச் சரியான விடை, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு போரான்களுக்கும் இடையே பாலம்போல் நிற்கின்றன என்பது. வெளிப்புறத்திலுள்ள நான்கு ஹைட்ரஜன்களும் எட்டு எலெக்ட்ரான்களைக்கொண்டு வழக்கம்போற் பிணைந்துள்ளன. எஞ்சிய நான்கும் இரண்டு பாலங்களுக்கு இரண்டிரண்டாக ஆகின்றன. ஒவ்வொரு பாலத்திலும் போரான், ஹைட்ரஜன், போரான் ஆகிய மூன்றணுக்கள் இரண்டே எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளுகின்றன. இரண்டு பேருக்கு உரிய உணவை மூவர் பகிர்ந்துண்டு உயிர்வாழ்வது போன்றதே இது. பால அமைப்பை 1921ஆம் ஆண்டிலேயே டில்தை என்பவர் கூறியிருந்தும், அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1943ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் இன்னும் பட்டம் பெறாத மாணாக்கராயிருந்த லாங்கெட்-ஹிக்கின்ஸ், தம் ஆசிரியர் பெல் என்பவருடன் சேர்ந்து இவ்வமைப்பைத் தக்க காரணங்காட்டி நிறுவினார். பின்னர் நடந்த நிறமாலை ஆராய்ச்சிகளும் எலெக்ட்ரான் சிதறல் ஆராய்ச்சிகளும் அம்மாணாக்கர் கூறியதே உண்மை என்று காட்டின.

ஸ்டாக் கொடுத்த விலை

இவ்வமைப்பைப்பற்றி வாதிப்பதற்கு முன், பொருள்களைக் கையிற் பெறவேண்டுமன்றோ? அப்பணியைச் செய்தவர் ஜெர்மனி தேசத்து ஆல்பிரட் ஸ்டாக். மக்னீஷியமும் போரானும் சேர்ந்த பொருளின்மீது அமிலத்தை விட்டால், நாற்றமுள்ள, பச்சைச் சுடரோடு எரிகின்ற வாயுக்கலவை ஒன்று உண்டாகும் என்பதற்குமேல் அக்காலத்தில் உறுதியாக அறியப்பட்டது மிகக் குறைவு. 1912ஆம் ஆண்டு முதலாக ஸ்டாக் அக்கலவையிலிருந்து ஹைட்ரைடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். காற்று அணுகக்கூடாது, நீராவி அணுகக்கூடாது, கண்ணாடித் திருகுகளில் தடவும் பசையையுங்கூட இவ்வாயுக்கள் கெடுத்துவிடும். ஆதலின் அவர் காற்றை முற்றும் அகற்றிய கண்ணாடிக் குழாய்களாலாகிய கருவியொன்றை அமைத்து, திருகுகளுக்குப் பதிலாகப் பாதரசத்தாலாகிய அடைப்புக்களைக் கையாண்டார். இன்றும் காற்றுப்படாத பொருள்களைக் கையாளுவோர் அவர் வகுத்த முறையையே அடிப்படையாகக் கொள்ளுகின்றனர்.

ஆனால் அப்பாதரசமே அவருக்குப் பகையாயிற்று. அது நாற்றமற்றது, அறையின் சாதாரண உஷ்ணத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாவது. பல்லாண்டுகளாக ஸ்டாக் தலைவலியாலும், தலைசுற்றலாலும், மறதியாலும், காது மந்தத்தாலும் வருந்தினார். காரணம் இன்னதென்று அவருக்கும் தெரியவில்லை, மருத்துவர்க்கும் விளங்கவில்லை. 1924ஆம் ஆண்டில்தான், தாமும் தம்முடன் உழைத்தவர்களும் பாதரச ஆவியால் நஞ்சூட்டப்பட்டிருத்தலை அவர் கண்டறிந்தார். 1926ஆம் ஆண்டில் அதனை மறையாது வெளியிட்டு, உலகத்துச் சோதனைச்சாலைகளையெல்லாம் எச்சரித்தார். காற்றிலுள்ள மிகச் சிறிய அளவுப் பாதரசத்தையும் அளந்தறியும் முறைகளை வகுப்பதிலும் தம் உழைப்பைச் செலவிட்டார். தம் துன்பத்தைப் பிறர்க்குப் பாடமாக்கிய இச்செயல், அவர் கண்ட ஹைட்ரைடுகளினும் சிறியதென்று நாம் கருதவில்லை. உடைந்த வெப்பமானியினின்றும் சிதறிய பாதரசத் துளிகளை மேசையின் இடுக்கில் விட்டுச் செல்லும் மாணாக்கர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வாராக.

ஸ்டாக் செய்த மற்றொரு சோதனையும் இங்கே கூறத்தக்கது. அவர் டைபோரேனைச் சோடியம் கலந்த பாதரசத்தோடு குலுக்கியபோது, ஆவியாகாத வெண்ணிற உப்பொன்று கிடைத்தது. டைபோரேன் மூலக்கூறொன்று இரண்டு சோடியத்தோடு சேர்ந்த பொருள் இஃது என அவர் எண்ணினார். அதிற் பெரும்பகுதி இருவேறு உப்புக்களின் கலவை எனப் பிற்காலத்து ஆராய்ச்சி தெளிவித்தது. ஒன்றின் அயனியில் ஒரு போரானும் நான்கு ஹைட்ரஜனும் உள. மற்றொன்றின் அயனியில் மூன்று போரானும் எட்டு ஹைட்ரஜனும் உள. எதிர்மின் அயனிகளைக் கையில் வைத்திருந்தும், அவற்றை இன்னவென்று அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

சிகாகோவில் விளைந்தது

1936ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலையில் ஹெர்பர்ட் பிரவுன் என்னும் இளைஞர் பட்டம் பெற்றார். தந்தையார் இறந்தமையால் இடையிற் படிப்பை விட்டுக் கடையில் உழைத்து, மீண்டும் கல்விக்குத் திரும்பியவர் அவர். பின்னர் அவர்தம் மனைவியான ஸாரா பேலன், பட்டம் பெற்றதற்குப் பரிசாக ஒரு நூலை அளித்தார். அது ஸ்டாக் எழுதிய போரான், ஸிலிக்கான் ஹைட்ரைடுகளைப்பற்றிய நூல். வறுமை மிகுந்த அக்காலத்தில், சர்வகலாசாலைப் புத்தகக் கடையில் இருந்த இரசாயன நூல்களுள் விலை குறைந்தது அதுவே. அதன் விலை 2 டாலர் 6 சென்டு. அந்நூலைப் படித்த பிரவுன், அத்துறையில் உழைத்துவந்த பேராசிரியர் ஷ்லெஸிங்கரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

ஷ்லெஸிங்கரும் அவருடைய கூட்டத்தாரும் 1939, 1940ஆம் ஆண்டுகளில் அலுமினியம், பெரிலியம், லிதியம் ஆகியவற்றின் போரோஹைட்ரைடுகளைச் செய்தனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, எளிதில் ஆவியாகும் யுரேனியக் கூட்டுப்பொருள் ஒன்று வேண்டும் என்று அரசாங்கத்தார் அவர்களை அணுக, யுரேனியம் போரோஹைட்ரைடையும் செய்தளித்தனர். அதனைப் பெருமளவிற் செய்தற்கு எளிய வழி தேடிச் சென்றபோதே சோடியம் போரோஹைட்ரைடு பிறந்தது. சோடியம் ஹைட்ரைடை மெதில் போரேட்டு என்னும் திரவத்தோடு 250 பாகை சென்டிகிரேடு அளவிற் சூடேற்றினால், சோடியம் போரோஹைட்ரைடும் சோடியம் மெதாக்ஸைடும் உண்டாகின்றன. இதற்குள் யுரேனியத்திற்கு வேறு வழி கிடைத்துவிட்டமையால், முதல் நோக்கம் பயன்படாது போயிற்று. எனினும் போர்க்களத்தில் எளிதாக ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கவேண்டிய படைத்துறையினர் இவ்வுப்பை நாடினர்.

அடுத்துவந்த நிகழ்ச்சி வியக்கத்தக்கது. கலந்து கிடைத்த இரண்டு பொருள்களையும் பிரிப்பதற்குத் தக்க கரைப்பான் எதுவென்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அஸிடோனை விட்டபோது கலவை கொதித்தெழுந்தது. ஆனால் ஹைட்ரஜன் வெளிவரவில்லை. இட்ட போரோஹைட்ரைடையும் மீட்க இயலவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, உப்பிலிருந்த நான்கு ஹைட்ரஜன்களும் அஸிடோனிற் சென்று சேர்ந்து அதனை ஐஸோபுரோபில் ஆல்கஹாலின் வழிப்பொருளாக மாற்றியிருந்தன. கரைப்பானாகத் தோற்ற அஸிடோன், இவ்வுப்பு சிறந்ததோர் ஹைட்ரஜன் ஏற்றி என்பதைக் காட்டிக்கொடுத்தது. யுத்தகாலத்து இரகசியமாயிருந்த இவ்வாராய்ச்சிகள் 1953ஆம் ஆண்டில் வெளியாயின. போரானைக்கொண்டு கரிப்பொருள்களை ஆக்கும் முறைகளை மேன்மேலும் வளர்த்த பிரவுன், 1979ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

அயனி அடங்கியது ஏன்?

இனி, முதலிற் கேட்ட வினாவிற்கு வருவோம். போரானும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த குறையுள்ள மூலக்கூறு, சோடியம் ஹைட்ரைடினின்றும் எதிர்மின்னூட்டமுள்ள ஒரு ஹைட்ரஜனைப் பெறுகின்றது. அந்த ஹைட்ரஜன் தன்னோடு இரண்டு எலெக்ட்ரான்களைக் கொண்டுவருகின்றது. குறைந்திருந்தவையும் இரண்டே; ஆகவே போரானைச் சுற்றி எட்டும் நிறைந்துவிடுகின்றன. இப்பொழுது இவ்வயனிக்கு மொத்தம் பத்து எலெக்ட்ரான்கள், மீதேனுக்கும் பத்தே. நான்கு ஹைட்ரஜன்களும் நான்முக உருவின் மூலைகளில் மீதேனிற்போலவே நிற்கின்றன. மேலும், சோடியம் போரோஹைட்ரைடின் படிக அமைப்பு நாம் உண்ணும் உப்பின் அமைப்பே. குளோரின் இருக்கவேண்டிய இடங்களில் இவ்வயனி வீற்றிருக்கின்றது. குறை நீங்கியமையே அமைதிக்குக் காரணம்.

எனினும் மீதேனுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. போரானின் உட்கரு கரியின் உட்கருவைவிட ஒரு மின்னூட்டம் குறைந்தது. ஆதலின் எலெக்ட்ரான்களை அத்துணை வன்மையாய்ப் பற்றுவதில்லை. அயனியின் ஹைட்ரஜன்கள் சற்று எதிர்மின்சாரம் உடையனவாய், எலெக்ட்ரான் வேண்டிநிற்கும் அணுவைக் கண்டால் அதனிடம் தாவுதற்குச் சித்தமாயிருக்கின்றன. அஸிடோனில் நடந்தது இதுவே. ஆல்டிஹைடுகளையும் கீடோன்களையும் இவ்வுப்பு எளிதில் ஆல்கஹால்களாக்கும். எஸ்டர்களைச் சாதாரண நிலையிற் பெரும்பாலும் தீண்டாது விடும். லிதியம் அலுமினியம் ஹைட்ரைடு என்னும் இதன் உறவுப்பொருளோ யாவற்றையும் தாக்குவது. நீர் பட்டால் வெடிப்பது. வேண்டியதை மட்டும் செய்து மற்றதை விட்டுவிடும் இந்நிதானமே, மருந்து செய்யும் தொழிலில் சோடியம் போரோஹைட்ரைடுக்கு இடந்தந்தது.

உடனிருக்கும் உலோகத்தைப் பொறுத்தும் குணம் வேறுபடும். சோடியம் தன் எலெக்ட்ரானை முற்றும் விட்டுக்கொடுப்பதால், அதன் போரோஹைட்ரைடு உண்மையான உப்பாய் நிற்கின்றது. அலுமினியமோ அங்ஙனம் விடாது, ஹைட்ரஜன் பாலங்களால் போரானைப் பற்றிக்கொள்ளுகின்றது. அதனால் அதன் போரோஹைட்ரைடு 45 பாகை அளவிலேயே கொதிக்கும் திரவமாய், காற்றிற் பட்டால் எரிவதாய் இருக்கின்றது. அயனி தனித்து நிற்குமளவும் சாந்தம். பாலம் மீண்டதும் பழைய சீற்றமும் மீளுகின்றது.

சாந்தமென்றதனால் அஜாக்கிரதை கூடாது. காரநீரில் இவ்வுப்பு நெடுநேரம் இருக்கும். சாதாரண நீரில் மெதுவாகச் சிதையும். அமிலமோ கோபால்ட்டு உப்போ சேர்ந்தால் விரைந்து ஹைட்ரஜனை வெளிவிடும். ஒரு கிராம் உப்பு முற்றும் சிதைந்தால் ஏறக்குறைய 2.4 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். அதிற் பாதி உப்பிலிருந்தும் மற்றப் பாதி நீரிலிருந்தும் வருவன. அருகிற் சுடர் இருப்பின் விபத்து நேரும். விழுங்கினால் நஞ்சு. ஈரம் புகாத புட்டியில் வைத்தலே முறை.

கூண்டுருவ அயனிகள்

பல போரான் அணுக்கள் கூடியமைத்த அயனிகள் இதனினும் அழகியவை. பன்னிரண்டு மூலைகளும் இருபது முக்கோண முகங்களும் உள்ள திண்ம உருவம் ஒன்றைக் கணித நூலிற் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு போரானும், அதன் வெளிப்புறத்தில் ஒரு ஹைட்ரஜனும் வைத்தால் என்னாகும்? ஒவ்வொரு போரானும் தன் ஹைட்ரஜனைப் பற்றியபின் கூண்டுக்கு இரண்டு எலெக்ட்ரான்களை அளிக்கலாம்; ஆக இருபத்துநான்கு. ஆனால் அக்கூண்டு நிலைப்பதற்குப் பதின்மூன்று இணைகள், அஃதாவது இருபத்தாறு எலெக்ட்ரான்கள் தேவை. எனவே இரண்டு எதிர்மின்னூட்டங்கள் பெற்ற அயனியாகத்தான் அஃது இருக்கமுடியும். இக்கணக்கை 1955ஆம் ஆண்டில் லாங்கெட்-ஹிக்கின்ஸும் ராபர்ட்ஸும் காகிதத்தின்மீது செய்து முடித்தனர். 1943இல் மாணாக்கராயிருந்தவரே இவர். 1959இல் பத்துப் போரான் கொண்ட அயனியையும், 1960இல் பன்னிரண்டு போரான் கொண்ட அயனியையும் ஹாதார்னும் பிட்டோசெல்லியும் உப்பாகவே செய்துகாட்டினர். கணக்கு முன்னுரைத்தபடியே பின்னதில் இரண்டு மின்னூட்டங்கள் இருந்தன.

பன்னிரண்டு போரானுள்ள அவ்வுப்பு காற்றிற் பற்றவில்லை, நீரிற் சிதையவில்லை, வன்மையான அமிலத்தோடும் காரத்தோடும் சூடேற்றினும் குலையவில்லை. குளோரினை ஏவினால் ஹைட்ரஜன்கள் இருந்த இடத்திற் குளோரின் வந்தமருமேயன்றிக் கூண்டு உடைவதில்லை. இரண்டு எலெக்ட்ரான்களையும் பன்னிருவரும் பொதுவாக வைத்துக்கொள்வதால், எந்த ஓரிடத்திலும் குறை இல்லை. குறையில்லாத இடத்தில் பகைவன் நுழைதற்கு வாயில் இல்லை. போரான் ஹைட்ரைடுகளின் அமைப்பை விளக்கியமைக்காக லிப்ஸ்கம் 1976ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். எலெக்ட்ரான் இணைகளை எண்ணியே கூண்டின் உருவத்தைக் கூறும் எளிய விதிகளை வேட் என்பவர் 1971ஆம் ஆண்டில் வகுத்தார்.

பயன்

இவ்வுப்புக்களால் உலகிற்கு வந்த பயன் பல. சோடியம் போரோஹைட்ரைடின் உதவியால் காகிதக் கூழ் வெளுக்கப்படுகின்றது. கிணற்று நீரில் ஆர்ஸெனிக் நஞ்சு உண்டா என்று அறிவதற்கும் இதுவே துணை: அமிலமிட்ட நீரில் இவ்வுப்பைச் சேர்த்தால், கரைந்துள்ள ஆர்ஸெனிக் ஆர்ஸைன் வாயுவாகி மேலெழும், அதனை மூடிய கருவிக்குட் செலுத்தி, லிட்டருக்கு மில்லிகிராமின் நூற்றிலொரு பங்கையும் அளந்துவிடலாம். குழாய்க்கிணற்று நீரால் வங்காளத்து மக்கள் படும் துன்பத்தை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். பன்னிரண்டு போரானுள்ள சோடிய உப்பு, சூடேற்றிய நிலையில், சோடியம் அயனிகளைத் திரவத்திற்போலத் தன்னுள் ஓடவிடுகின்றது என்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. திரவமில்லாத மின்கலங்களை அமைக்க விரும்புவோர் அதனை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

மருத்துவத்துறையிலும் ஒரு முயற்சி உண்டு. இயற்கைப் போரானில் ஐந்திலொரு பங்கு, 10 என்னும் நிறையெண் உடையது. மெல்லச் செல்லும் நியூட்ரானை அது விழுங்கி, ஹீலியமாகவும் லிதியமாகவும் பிளந்து தெறிக்கும். அத்துண்டுகள் செல்லும் தூரம் ஏறக்குறைய ஓர் உயிரணுவின் அகலமே. ஆதலின் புற்றுநோய் பற்றிய உயிரணுவினுள் மட்டும் போரானைச் செலுத்திவிட்டால், அயலிலுள்ளவற்றைக் கெடாது காத்து அதனை மட்டும் அழிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டில் லோச்சர் கூறினார். பன்னிரண்டு போரான் கூண்டில் ஒரு கந்தக அணுவை இணைத்த சோடிய உப்பைக்கொண்டு, ஜப்பானில் ஹடநாக்கா 1968 முதல் மூளைக்கட்டிகளுக்குச் சிகிச்சை செய்தார். போரானை நோயுற்ற உயிரணுவில் மட்டும் சேர்ப்பதே இதிலுள்ள கடினம். 2020ஆம் ஆண்டில் ஜப்பான் அரசாங்கம், தலையிலும் கழுத்திலும் தோன்றும் சில புற்றுநோய்களுக்கு இம்முறையை அங்கீகரித்தது. ஆனால் அங்குப் பயன்படும் போரான் பொருள் கூண்டுருவ உப்பன்று, வேறொன்று.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். தொழிற்சாலைக் கழிவுநீரிற் கரைந்துள்ள பாதரசத்தை அகற்றுதற்கு ஒரு வழி, அந்நீரில் சோடியம் போரோஹைட்ரைடை இடுவது. அது பாதரச உப்பை உலோகமாக்கி அடியிற் படியச் செய்கின்றது, வடிகட்டி எடுத்துவிடலாம். எப்பொருளை நாடிச் சென்று ஸ்டாக் பாதரசத்தால் நலிந்தாரோ, அப்பொருளின் வழிவந்த உப்பே இன்று பாதரசத்தை நீரினின்றும் நீக்குகின்றது. 1946ஆம் ஆண்டில் மறைந்த அவர் இதனைக் கண்டாரல்லர். ஓர் ஆசிரியர் நோயுற்று எழுதிய நூலை, ஓர் இளமங்கை மலிவு கருதி வாங்கினாள். அதனை ஒரு மாணாக்கர் படித்தார். கரைப்பான் தேடியோர் வேறொன்றைக் கண்டனர். உழைப்பின் பயன் எங்கே, யாருக்கு விளையும் என்பது உழைப்போர்க்குத் தெரிவதில்லை. நம் கலாசாலைப் புத்தகசாலையிலும் யாரும் நெடுநாளாகத் தொடாத நூல்கள் பல உள. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பிரிக்கும் கை நம் மாணாக்கருடையதாக இருக்கட்டும்.